திரையில் பளிச், தாளில் இருட்டு: பிரிண்டரை மாற்றணுமா?

அந்திவெயில்
வணக்கம். படம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்குதான், தொழில் இல்லை. ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு) எடுத்து லைட்ரூம் மென்பொருளில் சரிசெய்து வீட்டிலேயே ஏ4 பளபளப்புத் தாளில் பிரிண்ட் போடுகிறேன். பிரிண்டர் ஆறு நிற மை டேங்க் வகை, டை மை (கரைந்த சாயம்). தாளும் மையும் பிரிண்டர் கம்பெனியுடையவையே. திரையில் அருமையாக இருக்கிற படம் தாளில் ஒரு படி இருண்டு வருகிறது, நிழலில் இருந்த விவரமெல்லாம் கரியாகிவிடுகிறது, போதாததற்கு முகங்கள் லேசாகச் சிவந்து போகின்றன. டிரைவரில் பிரைட்னஸை ஏற்றினால் வானம் வெளிறுகிறது. பத்து மை போடுகிற பிக்மென்ட் (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) பிரிண்டர் ஒன்றின் மேல் கண் இருக்கிறது. அதற்கு மாறினால் தீருமா, இல்லை தாளை மாற்றினால் போதுமா?

மைத்துளி
பிரிண்டர் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். மானிட்டர் பிரைட்னஸ் எவ்வளவில் இருக்கிறது? பிரிண்டை எந்த விளக்கில் வைத்துப் பார்க்கிறீர்கள்? லைட்ரூமின் பிரிண்ட் பகுதியில் கலர் மேனேஜ்மென்ட்டில் என்ன தேர்ந்திருக்கிறீர்கள், அதே நேரம் டிரைவரில் என்ன இருக்கிறது?

அந்திவெயில்
மானிட்டர் வாங்கியபோது இருந்தபடியே இருக்கிறது, மெனுவில் 80 சதவீதம் என்று காட்டுகிறது. இரவில்தான் உட்காருவேன், அறையில் மஞ்சள் எல்இடி ஒன்று எரியும், பிரிண்டையும் அதில்தான் பார்ப்பேன். லைட்ரூமில் அந்தத் தாளுக்கான ப்ரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்கிற கோப்பை, தேர்ந்திருக்கிறேன். டிரைவரில் எதையும் தொடவில்லை, கலர் ஆட்டோமேட்டிக்.

நடுச்சாம்பல்
இரண்டு நோய் சேர்ந்து வந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் தாளை வீணாக்குகிறார்கள்.

சிவப்புக்குக் காரணம் கிட்டத்தட்ட உறுதி. நிறத்தை மாற்றும் வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். லைட்ரூம் உங்கள் தாளின் ஐசிசி ப்ரொஃபைலைப் பார்த்து எண்களை மாற்றி அனுப்புகிறது, அதை வாங்கிய டிரைவர் இது சாதாரணத் திரைக்கான எஸ்ஆர்ஜிபி படம் போல என்று நினைத்துக்கொண்டு தன் பங்குக்கு இன்னொரு தடவை மாற்றுகிறது. இப்படி இரட்டிப்பாகும்போது பெரும்பாலும் மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் சாயும், முகத்தில் முதலில் தெரியும். ஒருவர்தான் செய்ய வேண்டும். லைட்ரூமிடம் விட்டால் டிரைவரில் கலர் கரெக்ஷனை ஆஃப் செய்யுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்றோ 'ஆஃப்' என்றோ எங்காவது ஒளிந்திருக்கும். டிரைவரிடம் விட்டால் லைட்ரூமில் 'மேனேஜ்ட் பை பிரிண்டர்' என்று வையுங்கள். முதல் வழிதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. இன்னொன்று, டிரைவரில் தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தீர்களா என்று பாருங்கள். எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பளபளப்புத் தாளை வைத்துவிட்டு 'ப்ளெயின் பேப்பர்' என்று விட்டிருந்தால் ப்ரொஃபைல் சரியாக இருந்தும் பலன் இல்லை.

இருட்டுக்குக் காரணம் மானிட்டர். இப்போது வருகிற சாதாரண மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா வரை ஒளி தரக்கூடியவை. பிரிண்டுக்காகப் படம் திருத்துகிறவர்கள் 80 முதல் 120க்குள் வைத்துக்கொள்வார்கள். திரை ஒரு விளக்கு, தாள் ஒரு சுவர். சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும், அதற்கு மேல் ஒரு துளியும் தராது. இருட்டறையில் இவ்வளவு பிரகாசமான திரையைப் பார்க்கும்போது கண் அதற்குப் பழகிவிடுகிறது, படம் அதிக வெளிச்சமாகத் தெரிகிறது, நீங்களும் எக்ஸ்போஷரைக் கீழே இழுக்கிறீர்கள். கோப்பே இருட்டாகிவிட்டது. பிரிண்டர் அதை உண்மையாக அச்சிட்டுக் கொடுக்கிறது, அதன்மேல் தப்பு இல்லை. நம்பாவிட்டால் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) திறந்து பாருங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கே மேடு இருட்டைக் குறிக்கும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும்.

பழைய லென்ஸ்
ஒரு கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு பாடு எதற்கு? நல்ல லேபில் கொடுத்தால் லேசரால் ஒளி காட்டி வெள்ளி உப்புத் தாளில், ஆர்ஏ-4 ரசாயனத்தில் கழுவிக் கொடுத்துவிடுகிறார்கள். மை தெளிக்கும் ஹெட் அடைக்காது, மை காயாது, ப்ரொஃபைல் இரட்டிப்பாகாது. ஆல்பத்துக்கு 4×6 படங்கள் கட்டுக்கட்டாக வேண்டுமென்றால் வீட்டு இங்க்ஜெட்டில் போடுவது நேரத்துக்கும் பொறுமைக்கும் பிடித்த கேடு. நான் இருட்டறையில் கையால் கழுவிப் பழகியவன், அதனால் சொல்கிறேன்.

மைத்துளி
4×6 கட்டுக்கு லேப்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்திவெயிலின் கோப்பு இருட்டாக இருந்தால் லேபிலும் அது இருட்டாகத்தான் வரும். அங்கே ஆட்டோ கரெக்ஷன் போட்டுத் தூக்கிவிடுவார்கள், அவர் வேண்டுமென்றே இருட்டாக விட்ட படத்தையும் சேர்த்துத் தூக்குவார்கள். அவருக்கு வேண்டியது ஏ4, அதுவும் தானே பார்த்துத் திருத்தி, பிடிக்காவிட்டால் அன்றைக்கே இன்னொன்று போட்டு. பருத்தித் தாள், பேரைட்டா தாள் (பேரியம் சல்ஃபேட் பூசியது) என்று மாற்றிப் பார்க்கிற சுகம் லேபில் எல்லா இடத்திலும் கிடைக்காது.

அந்திவெயில், கருவி எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். திரையில் முழு வெள்ளையாக ஒரு காலிப் பக்கம் திறந்துகொள்ளுங்கள். நீங்கள் அச்சிடுகிற அதே தாளில் ஒன்றை, பிரிண்டைப் பார்க்கப் போகிற வெளிச்சத்தில், திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே அளவு பிரகாசமாகத் தெரிகிற வரை மானிட்டரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் நாள் திரை செத்துப்போனது போல இருக்கும். கண் பழகிவிடும், பழகும் வரை படத்தைத் திருத்தாதீர்கள்.

தூறல்
நடுவில் புகுந்து ஒரு கேள்வி. நான் போனில் எடுப்பவள். படத்தின் விவரத்தில் 72 டிபிஐ என்று காட்டுகிறது, அச்சுக்கு 300 வேண்டும் என்கிறார்கள். என் படங்களை அச்சிடவே முடியாதா? பிரிண்டர் பெட்டியில் 5760 டிபிஐ என்று வேறு போட்டிருக்கிறது, அப்படியென்றால் 300 எப்படிப் போதும்?

நடுச்சாம்பல்
அந்த 72 வெறும் குறிப்புச்சீட்டு, படத்தை அது ஒன்றும் செய்யாது. பிக்சல் எத்தனை என்று பாருங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் 4000×3000 இருக்கும். 4000ஐ 300ஆல் வகுத்தால் 13 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், 3000ஐ வகுத்தால் 10 அங்குலம். ஏ4 முழுக்க 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டுமென்றால் 3508×2480 போதும், உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200 இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூக்கை ஒட்டிப் பார்ப்பவர்களை விடுங்கள்.

5760 என்பது மைத்துளிகளை எவ்வளவு நுணுக்கமாக இடம் பார்த்து வைக்க முடியும் என்ற கணக்கு. ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டப் பல துளிகள் வேண்டும், ஏனென்றால் பிரிண்டரிடம் இருப்பது நாலோ ஆறோ மை, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் தெளித்துத்தான் லட்சக்கணக்கான நிறங்கள் இருப்பது போலக் கண்ணை ஏமாற்றுகிறது. அதனால் இரண்டு எண்ணையும் ஒப்பிடக் கூடாது.

உங்களுக்கு வரப்போகிற உண்மையான தொல்லை வேறு. போன் படம் 4:3 விகிதம், 4×6 தாள் 3:2. மேலேயோ கீழேயோ வெட்டுப்படும், தலை போய்விடும். அச்சிடுவதற்கு முன் நீங்களே வெட்டி வையுங்கள், மென்பொருளிடம் விடாதீர்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை அச்சிடாதீர்கள், அது சுருக்கித்தான் அனுப்பும். மூலக் கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

அந்திவெயில்
டிரைவரில் ஆஃப் செய்தேன், சிவப்பு போய்விட்டது! மானிட்டரை 80இலிருந்து 25க்குக் கொண்டுவந்த பிறகுதான் தாளும் திரையும் ஒத்துப்போயின, நம்பவே முடியவில்லை. பழைய படங்களைத் திறந்தால் எல்லாம் இருட்டு, திரும்பத் திருத்த வேண்டும் போல. திருத்திய ஒன்றை அச்சிட்டேன், நிழல் விவரம் வருகிறது. ஆனால் திரையில் இருக்கிற அந்தத் துடிப்பு தாளில் இல்லை, அந்தி வானத்து ஆரஞ்சு சப்பையாக இருக்கிறது. இதற்கு மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்கிற கேலிப்ரேஷன் கருவி வாங்கித்தான் ஆகணுமா?

நடுச்சாம்பல்
கருவி நல்லதுதான், நான் வைத்திருக்கிறேன். 6500 கெல்வின் வெண்புள்ளி (வெள்ளையின் சாயல்), காமா 2.2 (நடு வெளிச்சங்களின் அளவு), 100 கேண்டெலா என்று வைத்துக் கேலிப்ரேட் செய்தால் மானிட்டரில் நீலச் சாய்வு இருந்தால் அதுவும் சரியாகும், வெறும் கண்ணால் அதைச் சரிசெய்வது கடினம். ஆனால் ஆரஞ்சு சப்பையாவதைக் கருவி தீர்க்காது. திரை காட்டக்கூடிய சில ஆரஞ்சுகளும் நீலங்களும் மையால் எட்டவே முடியாதவை. அதை அச்சிடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். லைட்ரூமில் டெவலப் பகுதியில் எஸ் பொத்தானை அழுத்தினால் சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம். தாளின் ப்ரொஃபைலைத் தேர்ந்து, 'சிமுலேட் பேப்பர் அண்ட் இங்க்' போட்டுப் பாருங்கள், படம் சட்டென்று மங்கிப்போகும். அதிர்ச்சியடையாமல் கண்ணை ஒரு நிமிஷம் வேறு பக்கம் திருப்பிவிட்டு அதை இயக்குங்கள், மாறுகிற கணத்தைப் பார்த்தால் தாள்மேல் வெறுப்பே வந்துவிடும். ப்ரூஃப் நகல் ஒன்றை உருவாக்கி, அதில் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றி, எட்டாத நிறங்களின் அடர்வைக் குறைத்து, அதே நிறத்தில் லேசான வேறுபாடுகள் திரும்பத் தெரிகிற வரை கொண்டுவாருங்கள். அடர்வைக் குறைத்தால் ஆரஞ்சு இன்னும் சப்பையாகுமே என்று தோன்றும். ஆகாது. உச்சத்தில் முட்டி ஒரே பட்டையாக நின்றதுதான் சப்பையாகத் தெரிந்தது, அதற்குள் படிகள் பிரிந்தால் உயிர் வந்துவிடும்.

எட்டாத நிறங்களை எப்படி மாற்றுவது என்று சொல்கிற ரெண்டரிங் இன்டென்ட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ரிலேட்டிவ் என்றால் எட்டுகிற நிறங்களை அப்படியே வைத்துவிட்டு எட்டாதவற்றை மட்டும் விளிம்புக்கு இழுக்கும். பெர்செப்சுவல் என்றால் எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கி, அவற்றுக்கு இடையிலான உறவைக் காப்பாற்றப் பார்க்கும். முகப் படங்களுக்கு நான் முதலாவது, இப்படி எரிகிற வானத்துக்கு இரண்டாவது. விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், படத்துக்குப் படம் மாறும்.

மைத்துளி
இங்கேதான் எனக்கும் நடுச்சாம்பலுக்கும் எப்போதும் முட்டும். சாஃப்ட் ப்ரூஃப் முக்கால்வாசி தூரம் கொண்டுபோகும். மீதியைத் தாள்தான் சொல்லும். ஒரு ஏ4 தாளில் படத்தின் முக்கியமான துண்டை மட்டும், முகமோ வானமோ எதுவோ, நாலைந்து விதமாக அடுக்கி அச்சிடுங்கள். ஒன்று உள்ளபடி, ஒன்று எக்ஸ்போஷர் கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டி, ஒன்று அரை ஸ்டாப் கூட்டி, ஒன்று நிழலை மட்டும் தூக்கி. பக்கத்தில் என்ன செய்தோம் என்று எழுதி வையுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் யோசிப்பதைவிட இந்த ஒரு தாள் வேகமாகப் பதில் சொல்லும். லைட்ரூமின் பிரிண்ட் பகுதியில் கடைசியில் 'பிரிண்ட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டு ஸ்லைடர் இருக்கின்றன, அவை திரையில் எதையும் மாற்றாமல் அச்சை மட்டும் மாற்றும். உங்கள் தாளுக்கு வழக்கமாக எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று சோதனையில் தெரிந்துவிட்டால் அந்த எண்ணை டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொள்ளலாம்.

பழைய லென்ஸ்
அட, இது எங்கள் டெஸ்ட் ஸ்ட்ரிப் அல்லவா! நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் ஒளி காட்டும் என்லார்ஜருக்கு அடியில் ஒரு துண்டுத் தாள், மேலே அட்டை, சில நொடிக்கு ஒருமுறை அட்டையை நகர்த்தி நகர்த்தி ஒளி காட்டுவோம். கழுவி எடுத்தால் வெளுப்பிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகப் பட்டைகள், எந்தப் பட்டை பிடிக்கிறதோ அந்த நேரம்தான் முழுத் தாளுக்கும். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஈரத் தாள் காய்ந்ததும் ஒரு நிழல் கூடும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதே என்று திட்டு வாங்கியிருக்கிறேன். இங்க்ஜெட்டில் அந்தச் சங்கதி உண்டா?

நடுச்சாம்பல்
உண்டு. டை மை, பிக்மென்ட் மை இரண்டுமே வெளியே வந்த நிமிஷம் ஒரு மாதிரியும் சில மணி நேரம் கழித்து வேறு மாதிரியும் இருக்கும், டையில் கொஞ்சம் அதிகம். அவசரமில்லாதவர்கள் ஒரு நாள் விட்டுத் தீர்ப்புச் சொல்வது நல்லது.

வெளிச்சத்தையும் விடக் கூடாது. அந்திவெயிலின் மஞ்சள் எல்இடி 2700 கெல்வின் ஆசாமியாக இருக்கும், அதில் எந்த நடுநிலைச் சாம்பலும் மஞ்சளாகத்தான் தெரியும். அச்சுத் தொழிலில் 5000 கெல்வின் விளக்கில் பார்ப்பது வழக்கம். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் இருக்கிற வெள்ளை விளக்கு ஒன்று மேசைக்கு மேல் இருந்தால் போதும், இல்லாவிட்டால் பகலில் நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பளீர் வெள்ளையாக இருக்கிற தாள்கள் பலவற்றில் ஒளிர்விப்பான் என்ற ரசாயனம் கலந்திருக்கும், புற ஊதா ஒளி பட்டால் அது நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும். ஜன்னலோரம் அதே தாள் கூடுதல் வெள்ளையாக, கொஞ்சம் நீலமாகக்கூடத் தெரியும். சாதாரண எல்இடியில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை, அதனால் தாள் மங்கும். பிரிண்ட் எங்கே தொங்கப் போகிறதோ அந்த இடத்து வெளிச்சத்தில் கடைசி முடிவை எடுங்கள்.

கருவெள்ளை
கறுப்பு வெள்ளை போடுபவர்கள் யாரும் இல்லையா? ஆறு மை டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் சாம்பல் மை கிடையாது. சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு, அப்புறம் வெளிர் சியான், வெளிர் மஜெந்தா. சாம்பலை எல்லாம் நிற மையைக் கலந்துதான் காட்டுகிறது, அதனால் ஒரு விளக்கில் பச்சையாக, இன்னொன்றில் ஊதாவாகத் தெரிகிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று இறங்கினால் முடிவே இல்லை. வேண்டுமென்றே லேசான பழுப்புச் சாய்வு கொடுத்துவிடுவேன், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனிச் சாயல் கொடுக்கிற ஸ்ப்ளிட் டோனில் கொஞ்சம். அப்போது விளக்கு மாறினாலும் கண் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்திவெயில் கேட்ட பத்து மை பிரிண்டருக்கு உண்மையான நியாயம் இங்கேதான் இருக்கிறது. எப்சன் பி700, கேனன் ப்ரோ-300 மாதிரி வகைகளில் சாம்பல் மை தனியாக உண்டு, கறுப்பிலும் மேட் (பளபளப்பில்லாத) தாளுக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று இரண்டு. மேட் தாளில் கறுப்பின் ஆழம் 1.6, 1.7 அடர்த்தியோடு (எண் கூடினால் கறுப்பு ஆழம்) நின்றுவிடும், நல்ல பேரைட்டாவில் 2.2ஐத் தாண்டும். எண்ணைவிட, இரண்டு பிரிண்டைப் பக்கத்தில் வைத்தால் தெரிகிற வித்தியாசம்தான் பேச வைக்கும். ஆனாலும் எனக்கு மேட்தான் பிடிக்கும். பளபளப்பில் முதலில் தெரிவது என் முகம்தான், அப்புறம்தான் படம்.

அந்திவெயில்
அப்படியானால் நிறப் படங்களுக்கு என் ஆறு மையே போதும் என்கிறீர்களா?

கருவெள்ளை
பளபளப்புத் தாளில் டை மை பல நேரம் பிக்மென்டைவிட அழகாக இருக்கும். டை தாளின் பூச்சுக்குள் ஊறிவிடுகிறது, மேல்பரப்பு ஒரே சீராக மினுங்கும். பிக்மென்ட் மேலே உட்காருகிறது, சாய்த்துப் பார்த்தால் மை விழுந்த இடமும் விழாத இடமும் வேறு வேறாக மினுங்கும், நிழல் பகுதியில் வெண்கலப் பூச்சு போல ஒரு படலம் தெரியும். கேனன் ப்ரோ-300இல் 'க்ரோமா ஆப்டிமைசர்' என்று நிறமில்லாத திரவம் ஒன்று இருக்கிறதே, இதைச் சமாளிக்கத்தான். பிக்மென்டின் பலம் நிலைத்திருப்பதில் இருக்கிறது. டை வெளிச்சத்தில் மட்டுமல்ல, காற்றில் இருக்கிற ஓசோனிலும் வெளுக்கும், அதிலும் உடனே காய்கிற நுண்துளைத் தாளில் சீக்கிரம். ஆல்பத்துக்குள் மூடி வைத்தால் டை பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடி இல்லாமல் சுவரில் ஒட்டினால் சியான் முதலில் கிளம்பிப் படம் சிவக்க ஆரம்பிக்கும்.

தூறல்
டேங்கில் வேறு கம்பெனி மை ஊற்றலாமா? மலிவாகக் கிடைக்கிறது.

மைத்துளி
கடிதம், ரசீது அச்சிட ஊற்றுங்கள், யார் தடுத்தார்கள். படத்துக்கு ஊற்றினால் கம்பெனி கொடுத்த ப்ரொஃபைல் இனி பொருந்தாது, ஏனென்றால் அது அந்த மை, அந்தத் தாள் இரண்டின் ஜோடிக்காக அளந்தது. வேண்டுமானால் நிறக்கட்டங்கள் நிறைந்த தாளை அச்சிட்டு, நிறத்தை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோமீட்டரால் அளந்து புது ப்ரொஃபைல் செய்துகொள்ளலாம், செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த புட்டி மை அதே மாதிரி இருக்கும் என்று யார் உறுதி கொடுப்பார்கள்? தாளை மட்டும் வேறு கம்பெனியில் வாங்குவதில் இந்தப் பயம் குறைவு, நல்ல தாள் கம்பெனிகள் பிரபலமான பிரிண்டர்களுக்கு ப்ரொஃபைலைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. அதை இறக்கும்போது டிரைவரில் எந்தத் தாள் வகையைத் தேர வேண்டும் என்ற குறிப்பும் கூட வரும், அதைப் படிக்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று, மாதத்துக்கு ஒருமுறை நாலு படம் அச்சிடுபவர் என்றால் உங்களுக்கு இங்க்ஜெட்டே வேண்டாம். கேனன் செல்ஃபி மாதிரி டை சப்ளிமேஷன் பிரிண்டர் பாருங்கள். ரிப்பனைச் சூடாக்கி மஞ்சள், மஜெந்தா, சியான் என்று மூன்று தடவை, கடைசியாகப் பாதுகாப்புப் பூச்சு ஒரு தடவை, தாள் உள்ளேயும் வெளியேயும் நாலு முறை போய்வரும். அளவு சிறியது, தாளும் அவர்களுடையதுதான், ஆனால் ஆறு மாதம் அலமாரியில் கிடந்தாலும் காய்ந்துபோக அதில் மை இல்லை.

பழைய லென்ஸ்
ஹெட் அடைப்பைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை பாருங்கள். என் உறவுக்காரர் ஒருவர் வீட்டுப் பிரிண்டரை அடைப்புக்காகவே தூக்கிப் போட்டார்.

மைத்துளி
அடைக்கத்தான் செய்யும், சும்மா வைத்திருந்தால். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் இருக்கிற சின்னப் படம் ஒன்று போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அணைக்கும்போது பிரிண்டரின் பொத்தானிலேயே அணையுங்கள். சுவர் சுவிட்சில் அணைத்தால் ஹெட் தன் மூடிக்குப் போய் உட்காராமல் நடுவழியில் நின்றுவிடலாம், திறந்த வாயோடு காய்ந்துவிடும். முக்கியமான தாளை வைப்பதற்கு முன் நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்ற சோதனை) ஒன்று சாதாரணத் தாளில் போடுங்கள், கோடு விட்டிருந்தால் மட்டும் க்ளீனிங். இரண்டு தடவை செய்தும் வரவில்லை என்றால் சில மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்ப முயலுங்கள். தொடர்ந்து பத்து தடவை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவு மையும் அடியில் இருக்கிற கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது. அது நிரம்பியது என்று கணக்குக் காட்டினால் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். ஓரமில்லாத பிரிண்ட் போடும்போதும் தாளுக்கு வெளியே சிந்துகிற மை பஞ்சுக்குத்தான். ஓரமில்லாமல் போட்டால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விளிம்பை வெட்டிவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். நான் எப்போதும் வெள்ளை ஓரம் விட்டுத்தான் போடுகிறேன், பிடிக்கவும் மாட்டவும் வசதி.

அந்திவெயில்
ஷார்ப்னஸ் எவ்வளவு வைப்பது? திரையில் 100 சதவீதத்தில் சரியாக இருப்பது தாளில் மென்மையாக வருகிறது.

நடுச்சாம்பல்
தாளில் மை கொஞ்சம் பரவும், மேட்டில் அதிகமாகவே பரவும், அதனால் அச்சுக்கு என்று தனியாகக் கூர்மை சேர்க்க வேண்டும். லைட்ரூமின் பிரிண்ட் பகுதியில் மேட்டா பளபளப்பா என்று கேட்டு மூன்று அளவு கொடுக்கிறது, நடு அளவில் தொடங்குங்கள். அளவு மாறினால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். லைட்ரூம் மாதிரி இலவச மென்பொருளான டார்க்டேபிள் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி, அதன் பிரிண்ட் பகுதி விண்டோஸில் கிடையாது. அங்கே டிஃப் (TIFF) கோப்பாக ஏற்றுமதி செய்து, ப்ரொஃபைலைக் கையாளத் தெரிந்த வேறு மென்பொருளிலிருந்து அச்சிடுவதுதான் வழி.

தூறல்
கடைசியாக ஒன்று. பிரிண்டை ஃப்ரேமில் போட்டால் கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. தாள் கெட்டுப்போச்சா?

கருவெள்ளை
தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மையில் இருக்கிற கிளைக்கால் மாதிரியான கரைப்பான் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், மூடிய ஃப்ரேமுக்குள் அது கண்ணாடியில்தான் படியும். ஃப்ரேமைப் பிரித்துக் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். பிரிண்டின் மேல் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து ஒரு நாள் விடுங்கள், மேல் தாள் நெளிந்து அலை அலையாகிவிட்டால் இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம், புதுத் தாள் மாற்றுங்கள், நெளியாமல் தட்டையாக நிற்கிற வரை. அப்புறம் மாட்டும்போது மவுண்ட் அட்டை வைத்துக் கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் இடைவெளி விடுங்கள், அமிலமில்லாத அட்டையாகப் பார்த்து. நேராகக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் ஈரப்பதத்தில் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுத்தால் படமும் உரிந்து வரும்.